கொரில்லா முடியில் யாரோ ஒருவரின் விரல்

போன ஞாயிற்றுக்கிழமை பம்பாய் செம்பூரில் விடாத மழை. கரண்ட் போகாமல் இருந்தது புண்ணியம். ஹோம்வொர்க் எல்லாம் முடித்துவிட்டேன் என்று மகள் சத்தியம் செய்ததால், ரொம்ப நாளாக அவளுக்குக் காட்டவேண்டும் என்று வைத்திருந்த 1933ஆம் வருஷத்து ‘கிங் காங்’கைப் போட்டேன். கறுப்பு வெள்ளை என்றதும் முகத்தைச் சுளித்தாள். முக்கால் மணி நேரம் போனில் ஒரு கண், படத்தில் ஒரு கண். மரங்களை விலக்கிக்கொண்டு காங் வந்து நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் கேட்டாள்: “அப்பா, அதோட முடி தானா ஆடுதுப்பா. இத யாரும் ஃபிக்ஸ் பண்ணலையா?”

கேட்டதில் தப்பில்லை. அவள் அப்பன் தொழில் அது. மலாடில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டூடியோவில் பதினாறு வருஷமாக ரோட்டோ, பெயிண்ட் வேலை பார்க்கிறேன். ஹீரோ அந்தரத்தில் பறக்கும்போது இடுப்பில் கட்டியிருக்கிற கம்பியை ஒவ்வொரு ஃப்ரேமாக அழிப்பது, கண்ணாடியில் தெரிகிற கேமராமேனை அழிப்பது, ராஜா காலத்துக் கதையில் சேவகன் மணிக்கட்டில் மினுங்கும் வாட்சை அழிப்பது, இப்படி. ஒரு நடிகரின் தொப்பையை இரண்டு வாரம் உட்கார்ந்து உள்ளே தள்ளியிருக்கிறேன். (யார் என்று கேட்காதீர்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.) எங்கள் தொழிலில் நல்ல வேலை என்றால் யாரும் வேலை பார்த்ததே தெரியக்கூடாது.

அதனால்தானோ என்னவோ, அந்தக் குரங்கின் முடி மேல் எனக்கு இப்படி ஒரு பித்து.

காங் என்பது 18 அங்குலப் பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, அதன் மேல் ரப்பரும் பஞ்சும், அதற்கு மேல் முயல் தோல். பொம்மையைச் செய்தவர் மார்செல் டெல்காடோ, அசைத்தவர் வில்லிஸ் ஓ’பிரையன். ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பொம்மையைக் கையால் பிடித்து மயிரிழை நகர்த்தி, கையை எடுத்து, ஒரு ஃப்ரேம் படம் பிடித்து, மறுபடி கையை வைத்து. விரல் பட்ட இடத்திலெல்லாம் முயல் முடி கொஞ்சம் நலுங்கும். படமாக ஓட்டிப் பார்த்தால் அந்த நலுங்கல் எல்லாம் சேர்ந்து, காற்றே இல்லாத இடத்தில் காங்கின் உடம்பு முழுக்க முடி அலையலையாக ஓடுகிறது. அது பிழை. ஓ’பிரையனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் முதலில் போட்டுப் பார்த்த ஸ்டூடியோ ஆட்கள், கோபத்தில் குரங்குக்கு மயிர் சிலிர்க்கிறது, என்ன அற்புதம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு காங்கின் சண்டைக் காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்திருக்கிறேன். இதோ இங்கே கட்டைவிரல், இதோ இங்கே ஆள்காட்டி விரல். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் தொட்ட இடம்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்ப மிஸ்டேக்தானே?” என்றாள். சரி, மிஸ்டேக்தான்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது தாராவியில், பக்கத்து வீட்டு டிவியில், பத்துப் பதினைந்து பேரோடு. என் ஆச்சியும் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருஷம் பம்பாயில் இருந்தும் இந்தி ஒட்டாத ஆச்சி, இங்கிலீஷ் படத்துக்கு எங்கே போவாள்? கதை மட்டும் துல்லியமாகப் புரிந்தது அவளுக்கு. விமானங்கள் சுற்றிச்சுற்றிச் சுட, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் காங் தன் நெஞ்சைத் தடவி ரத்தத்தைப் பார்க்கும் இடத்தில், “எலேய், அது அனுமார்லா! அதப் போயி ஏம்ல சுடுதான்?” என்று சத்தம் போட்டாள். எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால் ஆச்சி சொன்னதில் கணக்குக்கூட சரியாக இருக்கிறது. 18 அங்குலப் பொம்மைக்கு ஒரு அங்குலம் ஒரு அடி என்று அளவு வைத்தார்கள், ஆக தீவில் காங்கின் உயரம் 18 அடி. நாமக்கல் ஆஞ்சநேயரும் 18 அடி. நியூயார்க் வந்ததும் கட்டடங்களுக்கு முன்னால் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது என்று 24 அடி ஆக்கிவிட்டார்கள். விளம்பரத்தில் 50 அடி என்று அடித்துவிட்டார்கள், அது போஸ்டர் ஒட்டுகிறவர்களின் விஸ்வரூபம்.

அந்த மண்டையோட்டுத் தீவு எங்கே இருக்கிறது தெரியுமா? படத்தில் கப்பலில் வைத்து வரைபடத்தைக் காட்டிச் சொல்கிறார்கள், சுமத்ராவுக்கு மேற்கே தூரத்தில் என்று. சுமத்ராவுக்கு மேற்கே என்றால் நம்ம கடல். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடாரம் போன சோழர்கள் கொஞ்சம் வழி தவறியிருந்தால் அவர்கள்தான் முதலில் பார்த்திருக்கவேண்டும். தீவுக்காரர்களைக் காட்டியிருக்கிற லட்சணம் மட்டும் எனக்கு இன்றைக்கும் நெருடும். கறுப்பு மனிதர்கள் குதிப்பார்கள், கத்துவார்கள், வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததும் தங்கள் பெண்கள் ஆறு பேரைத் தருகிறேன் என்று பேரம் பேசுவார்கள். அந்த இடத்தை மகளுக்கு ஓட்டிவிட்டுக் காட்டலாமா என்று யோசித்தேன். ஓட்டவில்லை. “இது ரொம்ப கேவலமா இருக்குப்பா” என்று அவளே சொன்னாள்.

மற்றக் குரங்குகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1962இல் ஜப்பான்காரர்கள் காட்ஸில்லாவோடு மோதவிட்ட காங், நனைந்த கம்பளியைப் போர்த்திய மாதிரி இருக்கும், ஆனால் அந்தச் சண்டையில் ஒரு தெருச்சண்டை குஷி இருக்கிறது. 1976 படத்துக்கு 40 அடியில் ஒரு இயந்திரக் குரங்கு செய்தார்கள். அது அசைய மாட்டேன் என்று அடம்பிடிக்க, கடைசியில் ஏறக்குறைய படம் முழுக்க ரிக் பேக்கர் என்கிற மனுஷன் குரங்குத் தோலுக்குள் புகுந்து நடித்தார். அந்தக் கண்கள் அவருடையவை. எங்கள் ஊரிலும் 1962இல் ‘கிங் காங்’ என்று ஒரு இந்திப் படம் வந்தது. கொரில்லா எதிர்பார்த்துப் போனால் தாரா சிங்தான் இருப்பார். ஆனால் அதை இயக்கிய பாபுபாய் மிஸ்திரி எனக்குக் குலதெய்வம் மாதிரி. 1937இல் ஒரு படத்தில், கண்ணுக்குத் தெரியாத மனிதன் பொருட்களைத் தூக்குவதுபோலக் காட்ட, கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு நூலில் கட்டித் தூக்கியவர். அதிலிருந்து அவருக்கு ‘காலா தாகா’ என்றே பெயர், கறுப்பு நூல். நான் இப்போது கம்ப்யூட்டரில் அழிப்பது அந்த நூலைத்தான்.

2005இல் பீட்டர் ஜாக்சன் எடுத்த படம் 187 நிமிஷம். 100 நிமிஷத்தில் முடிந்த கதையை இவ்வளவு நீட்டவேண்டுமா என்று கேட்டால், வேண்டாம்தான். பூச்சிகள், டைனோசர் ஓட்டம், கப்பலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சோகக் கதை. ஆனால் இரண்டு இடங்களுக்காக அந்தப் படத்தின் காலில் விழுவேன். மலை விளிம்பில் கதாநாயகி நவோமி வாட்ஸ், உயிர் பிழைக்க வேறு வழி தெரியாமல், தனக்குத் தெரிந்த நாடகமேடைக் கோமாளித்தனத்தையெல்லாம் காங்குக்கு ஆடிக் காட்டுவாள். கல்லை எறிந்து பிடிப்பாள், குட்டிக்கரணம் போடுவாள், வேண்டுமென்றே விழுவாள். காங் சிரிக்கும். அப்புறம் நியூயார்க்கில், உறைந்த குளத்தில், துரத்துகிறவர்களை மறந்து இரண்டும் சறுக்கி விளையாடும். அந்தக் காங் ஆண்டி செர்கிஸ் நடித்தது. கொரில்லாவைப் பார்க்க ருவாண்டா வரை போய் வந்த மனுஷன். அவர் முகத்தசை, மூச்சு, தயக்கம் எல்லாம் உள்ளே இருக்கிறது. மலை விளிம்பிலும் பனியிலும் நடப்பது என்ன? கதை நின்றுவிட்டது, இரண்டு பேர் ஆடுகிறார்கள். நம் ஊரில் அதற்குப் பேர் பாட்டு சீன். பாட்டு மட்டும் போட மறந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் மண்டையில் குரங்குப் படமும் மியூசிக்கலும் (பாடியே கதை சொல்கிற இங்கிலீஷ் பாட்டுப் படம்) ஒட்டிக்கொண்டன. நண்பர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். 1933ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.கே.ஓ. என்கிற ஒரே ஹாலிவுட் கம்பெனி. மார்ச்சில் ‘கிங் காங்’, டிசம்பரில் ‘ஃப்ளையிங் டௌன் டு ரியோ’, அதாவது ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் சேர்ந்து ஆடிய முதல் படம். இரண்டிலும் தயாரிப்புப் பக்கம் மேரியன் சி. கூப்பர், இரண்டிலும் இசைப் பொறுப்பு மாக்ஸ் ஸ்டைனர். முதல் படத்தின் முடிவில் விமானங்கள் குரங்கைச் சுடுகின்றன (சுடுகிற ஒரு விமானத்தில் உட்கார்ந்திருப்பது கூப்பரும் கூட்டாளி ஷூட்சாக்கும்தான்). இரண்டாவது படத்தின் முடிவில் விமானங்களின் இறக்கை மேல் வரிசையாக நின்று பெண்கள் ஆடுகிறார்கள். எது அதிகப் புளுகு என்று சொல்ல முடியுமா? இரண்டுமே வெட்கமே படாத புளுகு. ‘கிங் காங்’கில் டைட்டில் போனபிறகு கப்பல் பனிமூட்டத்துக்குள் நுழையும்வரை பின்னணி இசையே கிடையாது. மூட்டத்தில் நுழைந்ததும் வாத்தியங்கள் மெதுவாக எழும், இனிமேல் எதுவும் நடக்கலாம் என்கிற மாதிரி. தீவுத் தலைவன் படி இறங்கும்போது ஒவ்வொரு காலடிக்கும் ஒரு ஸ்வரம் விழும். பாடத்தான் இல்லை அவன்.

இன்றைய மியூசிக்கல்களோடு எனக்கு இருக்கிற முதல் சண்டை அங்கேதான். வெட்கப்படுகிறார்கள். 2023இல் ‘வோங்கா’ ட்ரெய்லர் பார்த்தீர்களா? பாட்டுப் படம் என்பதற்கு அடையாளமே கிடையாது. ‘த கலர் பர்ப்பிள்’, ‘மீன் கேர்ள்ஸ்’ எல்லாவற்றிலும் அதே திருட்டுத்தனம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தபிறகு பாட ஆரம்பிக்கிறார்கள், கல்யாணம் முடிந்தபிறகு மாப்பிள்ளைக்குக் கடன் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. 2002இல் வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கின ‘சிகாகோ’வும்கூட, நன்றாக எடுத்த படம் என்றாலும், பாட்டு எல்லாம் கதாநாயகியின் கற்பனையில் நடக்கிறது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டுதான் பாடியது. எதற்குச் சாக்கு? தேங்காய்க்கு ஒரு பாட்டு, தெருவில் போகிறதற்கு ஒரு பாட்டு என்று வளர்ந்த நமக்கு இந்தக் கூச்சம் புரிவதே இல்லை.

இரண்டாவது விஷயம் குரல். 2012இல் ‘லே மிஸராப்ள்’ வந்தபோது ஒரே ஆர்ப்பாட்டம். நடிகர்கள் செட்டிலேயே நேரடியாகப் பாடினார்களாம், காதுக்குள் சின்னக் கருவி வைத்து, பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்க, நடிகரின் வேகத்துக்குப் பியானோ ஓடுமாம். என்னவோ இதுவரை யாரும் செய்யாத மாதிரி. அட, எங்கள் ஊரில் 1931இல் செய்தது அதுதானே! முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ எடுக்கப்பட்டது சென்னையில் கிடையாது, பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியில். டி.பி.ராஜலட்சுமி கேமரா முன்னாலேயே நின்று பாடினார். அந்தக் காலத்தில் ஒளிந்திருக்கிற மைக்குக்கு எட்டும்படி பாடவேண்டும், வாத்தியக்காரர்கள் ஃப்ரேமுக்கு வெளியே மறைவில் உட்கார்ந்து வாசிக்கவேண்டும். அதே கம்பெனி அதே வருஷம் எடுத்த ‘ஆலம் ஆரா’வை, பக்கத்தில் ஓடும் ரயில் சத்தத்துக்குப் பயந்து பெரும்பாலும் நடுராத்திரிக்கு மேல் எடுத்தார்களாம். தண்டவாளத்தை ஒட்டியே குடியிருக்கிற எனக்கு அந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். ‘காளிதாஸ்’ பிரதி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. ராஜலட்சுமி எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்று இனி யாரும் கேட்க முடியாது.

பின்னணிப் பாட்டு வந்தபிறகு நாம் அதில் ராஜாக்கள் ஆகிவிட்டோம், அதைக் குறை சொல்லவில்லை. டி.எம்.எஸ். தொண்டையும் சிவாஜி உதடும் ஒரே உடம்பு என்றுதான் நான் பத்து வயசு வரை நம்பினேன். குறைந்தபட்சம் பாடினவர் பேரை ரேடியோவில் சொன்னோம். ஹாலிவுட்டில் நடாலி வுட்டுக்கும் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடின மார்னி நிக்ஸன் பேரைப் படத்தில் போடவே இல்லை. எங்கள் கம்பி அழிக்கிற வேலை மாதிரி அவரும் அழிக்கப்பட்டார்.

சரி, ‘லே மிஸராப்ள்’ படத்துக்கே வருகிறேன். ஆர்ப்பாட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆன் ஹாத்வே ஒரே ஷாட்டில், ஒட்ட வெட்டின தலையும் அழுக்கு முகமுமாக அந்தக் கனவுப் பாட்டைப் பாடுவது இன்றைக்கும் என்னை உலுக்கும். மூக்கை உறிஞ்சுகிறாள், வரிக்கு நடுவில் குரல் கம்முகிறது, ஒரு வார்த்தையை விழுங்குகிறாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் என்றால் “ஒன் மோர்” என்று சொல்லியிருப்பார்கள். அந்த உறிஞ்சலும் கம்மலும்தான் முயல் முடியில் விரல். ரஸ்ஸல் க்ரோவின் பாட்டை எல்லோரும் கிண்டல் செய்தார்கள், எனக்குப் பிடித்தது. அவர் நடித்தது போலீஸ்காரன் வேஷம், போலீஸ்காரன் அப்படித்தான் பாடுவான்.

‘லா லா லேண்ட்’ 2016. ஹைவேயில் ட்ராஃபிக் ஜாமில் எல்லோரும் காரைவிட்டு இறங்கி ஆடுவது ஒரே ஷாட் மாதிரி தெரியும், உண்மையில் மூன்று ஷாட்டை ஒட்டியது. ஒட்டு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க என் மாதிரி ஆட்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். (நானும் தினம் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் நிற்கிறேன், யாரும் ஆடியதில்லை, இறங்கிச் சண்டை போட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.) குரல்வளம் என்று பார்த்தால் கதாநாயகன், கதாநாயகி இரண்டு பேருக்கும் சுமார்தான். ஆனால் பியானோ வாசிக்கும் கை ரையன் காஸ்லிங்கின் சொந்தக் கை, இதற்காகவே கற்றுக்கொண்டார், கைக்கு டூப் கிடையாது. அது தெரிந்தபிறகு அந்தக் கையைத்தான் பார்க்கிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை. ‘மூலான் ரூஜ்’ இதற்கு நேர் எதிர். நம்ம இந்திப் பாட்டு ‘சம்மா சம்மா’வை எடுத்துப் போட்டார்கள் என்ற பெருமைக்காக ஒருதடவை பார்க்கலாம், ஒரு முழுக் கையைக்கூட முழுசாகப் பார்க்க விடாமல் வெட்டி வெட்டித் தலைவலி வரவைத்துவிடும்.

கை என்றதும் ‘கேட்ஸ்’. இதைச் சொல்லாமல் தூக்கம் வராது. 2019 டிசம்பர். மனுஷர்கள் மேல் கம்ப்யூட்டரில் பூனை முடி ஒட்டிய படம். இயக்கியவர் ‘லே மிஸராப்ள்’ எடுத்த அதே டாம் ஹூப்பர். அதில் ஒரு இடத்தில் நடிகை ஜூடி டென்ச்சின் கை, முடியே இல்லாமல், மோதிரத்தோடு, மனுஷக் கையாகவே விட்டுப்போய் இருந்தது. உலகமே சிரித்தது. ரிலீஸ் ஆனபிறகு சரிசெய்த பிரதியைத் தியேட்டர்களுக்கு மறுபடி அனுப்பினார்கள், நான் கேள்விப்பட்டவரை அப்படி யாரும் செய்ததில்லை. எங்கள் ஸ்டூடியோவிலும் அந்தக் கையின் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுச் சிரித்தோம், நானும்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்றால் அதே மாதம் எங்கள் சூப்பர்வைசர் 200 ஷாட்டைப் பத்து நாளில் முடி என்று தலையில் கட்டியிருந்தார், நானும் மேஜைக்கு அடியில் படுத்துத் தூங்கியிருந்தேன். அந்தக் கையை விட்டவன் சோம்பேறியாக இருந்திருக்க மாட்டான், மூன்று ராத்திரி தூங்காதவனாக இருந்திருப்பான். அப்புறம் 2020 ஆஸ்கர் மேடையில், அந்தப் படத்தில் நடித்த இரண்டு பேர் பூனை வேஷத்தில் வந்து, நல்ல எஃபெக்ட்ஸ் எவ்வளவு முக்கியம் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும் என்று கிண்டல் அடித்தார்கள். எஃபெக்ட்ஸ்காரர்கள் சங்கம் கண்டித்து அறிக்கை விட்டது. சிரித்தவர்களுக்கு அது கேட்டிருக்காது.

மகள் கேட்ட கேள்விக்கு அப்படியானால் என்ன பதில்? ஓ’பிரையன் விரலும் பிழை, அந்த மோதிரக் கையும் பிழை. ஒன்றைப் பார்த்தால் கண் நிறைகிறது, ஒன்றைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ரொம்ப நாள் யோசித்து எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: காங்கின் முடியில் இருக்கிற விரல், காங்காக நடித்த விரல். அந்த விரலுக்குத் தெரியும் காங்குக்கு இப்போது வலிக்கிறது என்று. ‘கேட்ஸ்’ கையில் யாருமே இல்லை, நேரம் முடிந்துபோனது மட்டும்தான் இருக்கிறது. இதில் ஓட்டை இருக்கலாம். எங்கள் டீமில் ஒரு பையன், “சார், நூறு வருஷம் கழிச்சு அந்தக் கையையும் கும்பிடுவாங்க” என்கிறான்.

2024இல் ‘விக்கெட்’ பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. சிந்தியா எரிவோ கம்பியில் தொங்கிக்கொண்டே அந்தக் கடைசிப் பாட்டை நேரடியாகப் பாடியிருக்கிறார். அதாவது எங்கோ ஒருத்தன் உட்கார்ந்து அந்தக் கம்பியை ஃப்ரேம் ஃப்ரேமாக அழித்திருக்கிறான், ஆனால் மூச்சை அழிக்கவில்லை. இதைவிட நியாயமான பாகப்பிரிவினை வேறென்ன வேண்டும்? நாங்கள் பார்த்த தியேட்டரில் மட்டும், ஒரு பாட்டின் நடுவில் பட்டென்று இண்டர்வல் விட்டார்கள். சுருதி அறுந்த மாதிரி இருந்தது. பாப்கார்ன் விலையைச் சொன்னால் அழுதுவிடுவீர்கள்.

குரங்கும் மியூசிக்கலும் நிஜமாகவே ஒன்றாய்ச் சேர்ந்ததும் உண்டு, 2018இல் நியூயார்க் பிராட்வே மேடையில் ‘கிங் காங்’. நான் பார்த்தது துண்டு வீடியோக்கள்தான். சுமார் 20 அடிப் பொம்மை. கறுப்பு உடை போட்ட ஆட்கள் மேடையிலேயே ஓடி, கயிற்றைப் பிடித்து இழுத்து, எல்லோர் கண் முன்னாலும் அதன் கையைத் தூக்கி வைக்கிறார்கள். அவர்களை யாரும் மறைக்கவில்லை. நம்ம ஊர் பொம்மலாட்டக்காரர்கூட வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பாட்டுகள் மனசில் நிற்கவில்லை, ஒரு வருஷம் ஓடுவதற்குள் மூடிவிட்டார்கள், பொம்மைக்கு மட்டும் டோனி விருது (நாடகமேடைக்கு ஆஸ்கர் மாதிரி) கொடுத்தார்கள். புத்திசாலித்தனமாக ஒன்று செய்திருந்தார்கள்: எல்லோரும் பாடுகிறார்கள், காங் பாடுவதில்லை.

அந்த வீடியோவையும் மகளுக்குக் காட்டினேன். கறுப்பு உடை ஆட்களை எண்ண ஆரம்பித்தாள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே குரங்கு முகத்தைத் திருப்பியது, எண்ணுவதை விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு 1976 படம் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் உள்ளே இருப்பது மனுஷன்தான் என்று இன்னும் சொல்லவில்லை.